மின்னொளியும் மாவுக்கட்டும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மின்னொளி வாலிபால் போட்டி என்றால் சில நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் வந்துவிடும். முதல் பரிசுக்கு ஒருவர், இரண்டாம் பரிசுக்கு ஒருவர், சுழற்கோப்பைக்குச் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர், ஒலி ஒளிக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர், வருகிற அணிகளின் இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவர் என்று உபயதாரர் பட்டியல் நீளும். சிறந்த அட்டாக்கருக்கும் சிறந்த லிஃப்டருக்கும் தனிப் பரிசு. தண்ணீர் பாக்கெட்டுக்குக்கூட உபயதாரர் உண்டு. முதலுதவிக்கு ஒருவர் பெயர் போட்ட நோட்டீஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் வாலிபாலுக்கு ஆதரவே இல்லை என்று சொல்வது வழக்கம். கிரிக்கெட்டோடு ஒப்பிட்டுப் புலம்புவதும் வழக்கம். ஆனால் ஆதரவு இருக்கிறது. அது போகிற இடம்தான் சரியில்லை. பரிசுக்கும் விளக்குக்கும் வெளியூர் ஆட்களை இறக்குவதற்கும் செலவாகிற பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆடுகிறவர்களின் கணுக்காலுக்கும் முட்டிக்கும் வந்து சேர்வதில்லை. ஒரு வலை, ஒரு பந்து, இரண்டு கம்பம் இருந்தால் போதும், செலவே இல்லாத ஆட்டம் என்ற பெயர் வாலிபாலுக்கு உண்டு. அந்தப் பெயரே அதற்குக் கெடுதலாகவும் ஆகியிருக்கிறது. செலவு இருக்கிறது. அதை ஆடுகிறவர் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறார், அவ்வளவுதான்.

வாலிபால் பிறந்தது 1895-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊரில். அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் முட்டல் மோதலைத் தாங்க முடியாத நடுவயதுக்காரர்களுக்காக இதை உருவாக்கினார். அதே 1895-ல்தான் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு மதுரைச் சமவெளிக்குத் தண்ணீர் வந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீரில் விளைந்து அறுவடை முடிந்த வயல்களில் பின்னாளில் இந்த ஆட்டம் ஆடப்பட்டதால், மதுரைக்காரர்களுக்கு அந்த ஆண்டு கொஞ்சம் உறவுமுறையாகத்தான் தோன்றும். மோதல் வேண்டாம் என்றுதான் மார்கன் நடுவே வலை கட்டினார். காயமோ வலைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் ஊர் ஊராகப் பரவியதற்கு, ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி ஒரு பெரிய காரணம். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தெற்கத்திக் கல்லூரிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி என்று இந்தப் பக்கத்துக் கல்லூரி மைதானங்களில் கற்றுக்கொண்டவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஆட்டமும் கூடவே போனது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என எந்தப் பக்கம் போனாலும் பள்ளிக்கூடத்துக்கு அருகிலோ கண்மாய்க் கரையிலோ இரண்டு கம்பம் நிற்பதைக் காணலாம்.

நாட்டு அளவிலும் வாலிபாலுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி 1958-ல் டோக்கியோவில் வெண்கலமும், 1962-ல் ஜகார்த்தாவில் வெள்ளியும், 1986-ல் சியோலில் மீண்டும் வெண்கலமும் வென்றது. அர்ஜுனா விருது தொடங்கப்பட்ட 1961-லேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. 1982-ல் ஜி.இ. ஸ்ரீதரன் பெற்றார். அண்மைக் காலத்தில் மோகன் உக்கிரபாண்டியன், ஜெரோம் வினித், நவீன் ராஜா ஜேக்கப் ஆகிய தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் இந்திய அணியில் ஆடினார்கள். 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 3-2 என்று வீழ்த்தி ஆறாம் இடத்தில் முடித்தது இந்தியா. 2019-ல் முதல் புரோ வாலிபால் லீக் கோப்பையைச் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் வென்றது. இடையில் சங்கச் சண்டை முற்றி, 2016 இறுதியில் சர்வதேசக் கூட்டமைப்பு இந்தியச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்த கதையும் உண்டு. அதில் நேரத்தைச் செலவிட நான் விரும்பவில்லை. பேரையூரில் ஆடுகிற பையனின் கணுக்கால் சங்கத்தின் கோஷ்டிப் பூசலால் பிசகவில்லை.

பிசகுவது தரையால். வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம் வேண்டும் என்கிறது விதி. இந்தக் காலியிடம்தான் ஊர்ப் போட்டிகளில் முதலில் காணாமல் போகிறது. கோட்டை ஒட்டியே கூட்டம் உட்கார்ந்திருக்கும். சிறுவர்கள் கோட்டுக்கு உள்ளேயே கால் நீட்டியிருப்பார்கள். எல்லைக்கு வெளியே போகிற பந்தைத் துரத்துகிறவர் நாற்காலியில் விழுகிறார், அல்லது வேகத்தைத் திடீரென்று அடக்குகிறார். திடீரென்று நிற்கும் முட்டிதான் திருகிக்கொள்ளும். அடுத்தது கம்பம். கம்பங்களைக் கம்பியோ கயிறோ இழுத்துக் கட்டாமல் நட வேண்டும், அவை உருண்டு வழுவழுப்பாக இருக்க வேண்டும், பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் ஆணியடித்து இழுத்துக் கட்டிய கயிறு இல்லாத கம்பத்தைப் பார்ப்பது அரிது. அந்தக் கயிற்றில் இரவில் இடறாதவரும் அரிது.

மண்ணும் ஊருக்கு ஊர் மாறுகிறது. மேலூர்ப் பக்கம் செம்மண்ணில் சரளை. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல். கோடையில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு விடும். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் களம் போட்டால், மாடு மிதித்த குழி காய்ந்து கல்லாகி நிற்கும். இதற்கெல்லாம் பெரிய வைத்தியம் வேண்டாம். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே களத்துக்குத் தண்ணீர் விட்டு, கல் பொறுக்கி, மணலும் செம்மண்ணும் பரப்பி, உருளை விட்டால் போதும். ஒலிபெருக்கி வாடகையில் பாதிகூட ஆகாத வேலை இது. நகரத்தில் நிலைமை வேறு. வெடிப்பும் குழியும் இல்லாத சிமென்ட் களம் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் இத்தாலிய எலும்பு மருத்துவர் ஃபெரெட்டியும் அவருடன் இருந்தவர்களும் 1980-களில் வாலிபால்காரர்களின் முட்டிவலியை ஆராய்ந்து, மரத்தளத்தில் ஆடுவோரைவிடச் சிமென்ட்டில் ஆடுவோருக்கு அது மிகவும் அதிகம் என்று கண்டார்கள். ஊர் மண் கணுக்காலைக் கெடுக்கிறது, நகரத்துச் சிமென்ட் முட்டியைக் கெடுக்கிறது. இரண்டில் நல்ல மண் களத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் வாலிபால் உண்டு. பள்ளிகளுக்குக் குறுவட்டத்தில் தொடங்கி மாநிலம் வரை போகும் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் உண்டு. 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டது. மதுரைக்குப் பெரிய கட்டுமானங்களும் வந்திருக்கின்றன: கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கம், 2025-ல் இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்த ரேஸ்கோர்ஸ் ஹாக்கி மைதானம். ஏறுதழுவுதலில் மாடுபிடி வீரருக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தி, வாடிவாசலுக்குப் பக்கத்திலேயே ஆம்புலன்ஸும் மருத்துவக் குழுவும் நிறுத்தாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. ஆபத்து கண்ணுக்குத் தெரிவதால் வந்த ஒழுங்கு அது. வாலிபாலில் ரத்தம் தெரிவதில்லை. வீக்கம் மறுநாள் காலையில்தான் முழுசாகத் தெரியும். அதற்குள் நோட்டீஸில் பெயர் போட்ட எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

எந்தக் காயம் அதிகம் என்பதில் சந்தேகம் இல்லை. சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு 2010 முதல் 2014 வரை தன் பெரிய போட்டிகளில் ஏற்பட்ட காயங்களைத் தொகுத்தது. நூற்றுக்கு 26 கணுக்காலில், 15 முட்டியில், ஏறக்குறைய 11 விரல்களில், 9 கீழ்முதுகில். அவை மரத்தளத்திலோ செயற்கைத் தளத்திலோ, நல்ல காலணியோடு, மருத்துவர் பக்கத்தில் நிற்க ஆடிய அணிகளின் கணக்கு. நம் ஊரில் வரிசை மாறாது என்றே நினைக்கிறேன். கணுக்காலின் பங்கு இன்னும் கூடும்.

கணுக்கால் பிசகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அட்டாக்கர் ஓடிவந்து எழும்பி அடிக்கிறார். எதிரே இருவர் பிளாக் போட எழும்புகிறார்கள். அடித்தவரின் வேகம் அவரை முன்னுக்குத் தள்ளுகிறது. அவர் கால் நடுக்கோட்டைத் தாண்டி இறங்குகிறது. ஒரு கணம் கழித்து இறங்கும் பிளாக்கரின் கால், தரையில் படாமல் அந்தக் காலின் மேல் படுகிறது. பாதம் உள்பக்கமாக மடிந்து, வெளிப்பக்கத்து லிகமெண்ட், நம் பேச்சில் ஜவ்வு, இழுபடுகிறது அல்லது கிழிகிறது. இரண்டு பேர் சேர்ந்து பிளாக் போடும்போது ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதும் இப்படித்தான். ஆக, பெரும்பாலான கணுக்கால் காயங்கள் வலைக்கு அடியில் உள்ள அந்தச் சிறு கீற்று நிலத்தில் நடக்கின்றன. இது விதியின் ஓட்டையும்கூட. பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருந்தால் மீதிப் பாதம் எதிர்க்களத்தில் இருக்கலாம் என்கிறது இன்றைய விதி.

நார்வேயில் ரோல்ட் பார் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1990-களில் இதையே குறிவைத்து ஒரு பயிற்சித் திட்டத்தைச் சங்க அணிகளில் நடத்தினார்கள். காயம் எப்படி வருகிறது என்று ஆட்டக்காரர்களுக்கு விளக்கினார்கள். முன்னோக்கிப் பாயாமல் நேர் மேலே எழும்பவும், கடைசி அடியை நீட்டி வைத்து வேகத்தை அடக்கவும், இரண்டு காலிலும் இறங்கவும் பழக்கினார்கள். முன்பு பிசகியவர்களை ஆடும் பலகை மேல் ஒற்றைக் காலில் நின்று பழகச் செய்தார்கள். கணுக்கால் பிசகு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இதில் எதற்கும் பணம் வேண்டாம். ஆடும் பலகை இல்லாவிட்டால் மடித்த சாக்கின் மேல் ஒற்றைக் காலில் நின்று, கூட்டாளி எறிகிற பந்தைப் பிடித்துத் திருப்பி எறியலாம். பத்து நிமிடம் போதும். ஊர்ப் போட்டிக் குழுக்கள் இன்னொன்றும் செய்யலாம். பரிசளிப்பில் சொந்த விதி போடுகிறவர்கள், நடுக்கோட்டைப் பாதம் தாண்டினாலே எதிரணிக்குப் புள்ளி என்றும் ஒரு விதி போடலாம். விசில் அதிகமாகக் கேட்கும், கூட்டம் முனகும். முனகட்டும்.

ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும் வாய்ப்பு மிக அதிகம், குறிப்பாக முதல் ஓராண்டுக்குள். இப்படிப்பட்டவர்களுக்குக் கணுக்கால் பிரேஸ் பலன் தருகிறது. ஒட்டும் டேப்பும் உதவும், ஆனால் ஆட்டம் சூடாகச் சூடாக அதன் பிடி தளர்ந்துவிடும். காலணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடித்த மெத்தென்ற அடிப்பாகம் வைத்த ரன்னிங் ஷூ நேராக ஓடுவதற்கானது. பக்கவாட்டில் நகரும்போது அது பாதத்தை உயரத்திலிருந்து உருட்டிவிடும். அதைவிடத் தட்டையான சாதாரண கேன்வாஸ் மேல்.

முட்டிக் காயத்தில் இரண்டு வகை. ஒன்று மெதுவாக வருவது. முட்டிச் சில்லுக்குக் கீழே, தசைநாணில் ஒரு புள்ளியில் வலி. முதலில் ஆட்டம் முடிந்தபின் வலிக்கும், பிறகு தொடக்கத்தில் வலித்துச் சூடானதும் மறையும், பிறகு மாடிப்படி இறங்கும்போதும் வலிக்கும். குதிப்பவர் முட்டி என்று விளையாட்டு மருத்துவத்தில் சொல்வார்கள். நார்வேயின் உயர்மட்ட ஆட்டக்காரர்களிடம் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆண் வாலிபால்காரர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு இது இருந்தது. நன்றாகக் குதிக்கிறவருக்குத்தான் இது அதிகம் வருகிறது என்பது இதன் கொடுமை. முழு ஓய்வு எடுத்தால் வலி போகும். ஆடத் தொடங்கினால் திரும்பி வரும். தசைநாணைப் படிப்படியாகப் பலப்படுத்துவதுதான் வழி: குதிப்பைக் குறைத்துக்கொண்டு, சாய்பலகை மேல் நின்று மெதுவாக உட்கார்ந்து எழுவது, பளு வைத்து நிதானமாகச் செய்வது, அதை மாதக்கணக்கில் விடாமல் செய்வது. முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. சில வாரம் வலி அடங்கும், தசைநாண் பலவீனமாகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் அது வேறு, வளர்ச்சிப் பருவத்தில் வருவது. பி.டி. வாத்தியார் அவனைச் சோம்பேறி என்று திட்டாமல் குதிப்பைக் குறைத்தாலே போதும்.

இன்னொரு வகை நொடியில் வருவது. ஒற்றைக் காலில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து திருகுகிறது. டப்பென்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி பந்தாக வீங்குகிறது. முன் குறுக்கு லிகமெண்ட், அதாவது ஏ.சி.எல்., போய்விட்டது என்பதற்கான அடையாளங்கள் இவை. ஒரு மாதத்தில் நடக்க வந்துவிடும் என்பதால் பலர் இதைச் சாதாரணப் பிசகு என்று விட்டுவிடுகிறார்கள். மறுபடி களத்தில் இறங்கியதும் முட்டி நழுவுகிறது; ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது.

விரலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் ஒரே ஒரு தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. பிளாக்கில் அடிபட்ட விரலைப் பக்கத்தில் நிற்பவர் பிடித்து இழுத்து விடுகிறார். எலும்பு முறிந்திருந்தால் இழுப்பது அதைக் கலைக்கும். நடுக்கணுவின் மேல் தசைநாண் அறுந்திருந்தால் விரல் நிரந்தரமாக மடங்கிப்போகும். நுனி மட்டும் தொங்கி, நிமிர்த்த முடியாமல் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் நிமிர்த்திக் கட்டியே வைக்க வேண்டும். குளிக்கும்போது ஒரு தரம் மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கோணல் விரலை வாலிபால் ஆடியதன் பதக்கமாகக் காட்டுகிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

தோள்பட்டைக் காயம் ஒன்று வலியில்லாமலே வரும். அடிக்கிற கையின் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தசை வற்றிக் குழி விழுந்திருக்கும். சர்வீஸும் ஸ்பைக்கும் திரும்பத் திரும்ப அடித்து, அந்தத் தசைக்குப் போகும் நரம்பு நசுங்குவதால் வருவது. வலிக்காததால் ஆடுகிறவருக்கே தெரியாது. சட்டையைக் கழற்றிய நேரம் பின்னால் நிற்பவர்தான் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு தோளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். நாற்பதைத் தாண்டி, சூடேற்றாமல் நேரே களத்தில் குதிக்கும் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு வேறொன்று காத்திருக்கிறது: யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் தோன்றும், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்திருக்கும்.

காயம் பட்ட அடுத்த நிமிடம் நடப்பதைப் பார்க்கலாம். வலி ஸ்ப்ரே அடிப்பார்கள். அது தோலை மரக்கச் செய்யும், உள்ளே ஒன்றும் செய்யாது. மரத்துப்போன தைரியத்தில் ஆள் எழுந்து ஆடுவார். அல்லது ஒருவர் எண்ணெய் விட்டுச் சுளுக்கெடுக்க உட்காருவார். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவுவதும் சூடு வைப்பதும் உள்ளே கசிகிற ரத்தத்தைக் கூட்டி வீக்கத்தைப் பெருக்கும். அப்போது வேண்டியது ஆட்டத்தை நிறுத்துவது, கிரேப் பேண்டேஜால் மிதமாக இறுக்கிக் கட்டுவது, காலை உயர்த்தி வைப்பது. ஐஸ் வலியைக் குறைக்கும். துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்கலாம். ஐஸைக் காயம் ஆற்றும் மருந்தாக நினைக்க வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பின்னாளில், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். முழு ஓய்வும் சில நாள்தான். வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரமே அசைக்கவும் ஊன்றவும் தொடங்குவதுதான் இன்றைய வழக்கம்.

எக்ஸ்ரே எப்போது வேண்டும்? கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-ல் வகுத்த விதிகள் உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பயன்படுகின்றன. அடிபட்டவுடனும் மருத்துவரிடம் போனபோதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்காலின் உள்பக்க, வெளிப்பக்க முண்டு எலும்புகளின் பின்விளிம்பில் அல்லது நுனியில் அமுக்கினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடத்திலோ, உள்பக்கம் வளைவின் மேலோ அமுக்கினால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் எலும்பு முறிவு அனேகமாக இருக்காது. இந்த மூன்று கேள்விகளைப் போட்டி நடத்தும் குழுவில் ஒருவர் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

நாட்டு வைத்தியர் போடும் கட்டை முழுக்க ஒதுக்கித் தள்ளுகிற கூட்டத்தில் நான் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுமலைப் பக்கத்தில் கால் மடங்கிய பையனுக்கு, கட்டுப் போடுகிறவர் வீடு அடுத்த தெருவில். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கு மேல். யாரிடம் போவான் என்று கேட்க வேண்டியதில்லை. பல நாள் அனுபவமுள்ளவர்கள் சாதாரணப் பிசகை நிதானமாகக் கட்டி அனுப்பவும் செய்கிறார்கள். ஆபத்து எக்ஸ்ரே இல்லாமல் முறிவைக் கட்டுவதிலும், முட்டை வெள்ளைக்கருவும் மாவும் தடவி மூங்கில் பத்தை வைத்து இறுக்குவதிலும் இருக்கிறது. வீக்கம் ஏற ஏற அந்தக் கட்டு ரத்த ஓட்டத்தை நெரிக்கும். விரல் வெளுத்தாலோ, மரத்தாலோ, அசைத்தால் உயிர் போகிற வலி வந்தாலோ, இரவென்றும் பாராமல் கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்துக் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை மாவுக்கட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நம்மிடம் உண்மையில் இல்லாதது அதற்குப் பிறகான கட்டம். மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள் களத்தில் நிற்கிறார்கள். கட்டுக்குள் இருந்த கண்டைக்கால் சூம்பியிருக்கும், சமநிலை உணர்வு மழுங்கியிருக்கும். இயன்முறை மருத்துவம் என்றால் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு என்றே ஊரில் நினைக்கிறார்கள். விளையாட்டு மருத்துவத்துக்கென்றே இருக்கும் பெரிய மையங்கள் சென்னையில் குவிந்திருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிற மாநிலம் இது. மாதத்தில் ஒரு மாலை அவர்கள் ஒன்றியத்து மைதானத்துக்கும் வந்தால் பாதிப் பேரின் இரண்டாவது பிசகைத் தடுக்கலாம். களத்துக்குத் திரும்ப ஒரு எளிய சோதனை: காயம்பட்ட ஒற்றைக் காலில் வலியில்லாமல் குதித்து, மறு காலுக்கு இணையான தூரம் போக முடிய வேண்டும். முடியாதவர் ஸ்கோர் எழுதலாம்.

இரவுப் போட்டியின் அமைப்பே காயத்துக்கு வழி விடுகிறது. ஒரே இரவில் முப்பது அணிகள் மோதி, விடியும்போது இறுதிப் போட்டி. ஜெயிக்க ஜெயிக்க அணி களைத்துக்கொண்டே போகும். நள்ளிரவில் பரோட்டா, அதிகாலையில் குளிரில் விறைத்த உடம்போடு அரையிறுதி. களைத்த கால் சரியாக இறங்காது. இரண்டு இரவாகப் பிரிப்பதும், ஆட்டங்களுக்கு இடையே குறைந்தபட்ச ஓய்வை நோட்டீஸிலேயே அச்சிடுவதும் நடக்கக்கூடியவை. கோடைப் பயிற்சி முகாமின் பிரச்சினை எதிர்ப்பக்கம். மே மாதத்து மதுரை வெயில் 40 டிகிரியை எட்டும்போது காலை ஒன்பதுக்கு மேல் பிள்ளைகளை ஓடவிடுவது தவறு. தலைசுற்றி, பேச்சுக் குழறி, உடம்பு கொதித்தால் அது வெப்பவாதம். உடனே நிழலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். வெறும் வயிற்றில், தண்ணீர் குடிக்காமல், வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் ஆடுவது சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பெண்கள் வாலிபால் இந்த நோட்டீஸ்களில் அபூர்வமாகவே வரும். லேடி டோக், பாத்திமா போன்ற கல்லூரிகளும் பள்ளி அணிகளும்தான் மதுரையில் அதன் களம். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழிவது இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. முட்டி உள்ளே சாயாமல் இறங்கப் பழக்கினால் அது குறையும் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிற பள்ளியில் யார் பழக்குவது? தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஆடுகிற பெண் அடிக்கடி மூச்சு வாங்கினால் ஸ்டாமினா இல்லை என்று சொல்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு தடவை காயம் பட்டால் போதும், வீட்டில் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். அதனால் பெண் பிள்ளைகள் வலியை வெளியே சொல்வதில்லை. இது ஆண்கள் அணியில் இல்லாத சிக்கல்.

ஆண்கள் வலியை மறைப்பதற்குக் காரணம் வேலை. வாலிபால் தமிழ்நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு வேலைக்கான ஏணியாக இருந்து வந்திருக்கிறது. ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ், வங்கிகள், சுங்கத்துறை என்று அணி வைத்திருந்த நிறுவனங்கள் பல. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. சான்றிதழும் அண்மைய ஆண்டுகளில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஏ.சி.எல். அறுவை செய்துகொண்டவர் ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்கினால் முட்டியில் மறுபடி காயம் படும் அபாயம் கூடும் என்று நார்வே ஆய்வு ஒன்று 2016-ல் காட்டியது. ஒன்பதாவது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் அந்த அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இருபத்து நான்கு வயதுக்காரனுக்கு ஒன்பது மாதம் என்பது ஒரு முழு சீசன், ஒரு மாநிலப் போட்டிச் சான்றிதழ், ஒரு தேர்வு அறிவிப்பு. அவன் ஆறாவது மாதமே ஊசி போட்டுக்கொண்டு தேர்வுக்கு ஓடுகிறான் என்றால் அறிவுரை சொல்லிப் பயனில்லை. அரசு மருத்துவர் சான்றளித்த காயத்துக்கு வயது வரம்பிலும் சான்றிதழ்க் காலத்திலும் ஓராண்டு கூடுதலாகக் கொடுக்கலாம். மாநில ஒதுக்கீட்டுக்கு இதைச் சென்னையிலேயே முடிவு செய்யலாம். ரயில்வேக்கு டெல்லி மனம் வைக்க வேண்டும்.